வெர்னியருக்குச் சிக்காத ரப்பர்

பட்டறை வாசலில் நிற்கும் என் கறுப்புப் பஜேரோவைப் பார்த்துவிட்டு மாதத்துக்கு ஒருவராவது உள்ளே வந்துவிடுகிறார். "வண்டி விலைக்கு வருமா?" என்பது முதல் கேள்வி. வராது என்றதும், "லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது?" என்பது இரண்டாவது. ஊருக்குள் 8, நெடுஞ்சாலையில் காலை அடக்கி ஓட்டினால் 10 என்பேன். ஒரு பரிதாபப் பார்வை வரும். டேங்க் 92 லிட்டர், டீசலும் 92 ரூபாய்ச் சொச்சம் என்று கணக்கையும் எடுத்துக் கொடுத்தால், வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வண்டியில் எத்தனை ரப்பர் இருக்கிறது, அதற்கெல்லாம் என்ன வயது? வாங்கும்போது நானும் அதைக் கேட்கவில்லை.

ஆசை பிறந்தது 2004-ல். அப்போது கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் சம்பளத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. புதியதைக் கடைந்து முடிக்க இரவு பதினொன்று ஆயிற்று. ஆலை முதலாளியே நேரில் வந்து காத்திருந்தார். பொருத்திக் கொடுக்க ஆள் வேண்டும், நீயே ஏறிக்கொள் என்றார். என் பேன்ட் முழுக்கக் கட்டிங் ஆயில். கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்ற என்னைப் பார்த்து, அன்றைய தினசரியை எடுத்து முன் சீட்டில் விரித்தார். அது என் கூச்சத்துக்காகவா, சீட்டின் துணிக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. எதுவானாலும் அந்தத் தாளின் மேல் அசையாமல் உட்கார்ந்தபடி பார்த்த டாஷ்போர்டு மனதில் பதிந்துவிட்டது. வண்டி எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்கிறது என்று காட்ட நடுவில் தனியாக ஒரு மானி! பல்லடம் சாலையில் சாய்வதற்கு என்ன இருக்கிறது? ஆலை வாசலில் ஒரு பக்கச் சக்கரம் மண்மேட்டில் ஏறியபோதுதான் அது லேசாக அசைந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு பஜேரோ என்று அச்சில் வந்ததையெல்லாம் படித்தேன். 1982-ல் ஜப்பானில் மிட்சுபிஷி அறிமுகப்படுத்திய வண்டி. தென் அமெரிக்கப் புல்வெளிகளில் திரியும் ஒரு காட்டுப் பூனையின் பெயரை வைத்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சபையில் சொல்ல முடியாத அர்த்தம் இருந்ததால் அங்கே மான்டெரோ ஆக்கினார்கள். பிரிட்டனில் ஷோகன். டக்கார் பாலைவனப் பந்தயத்தில் இந்தப் பெயருடைய வண்டிகள் 12 முறை வென்றிருக்கின்றன, 2001 முதல் 2007 வரை தொடர்ந்து ஏழு முறை. 2001-ல் ஓட்டி வென்றவர் ஜெர்மனியின் யூட்டா கிளைன்ஷ்மிட். டக்காரை வென்ற முதல் பெண் அவர்தான். நம் ஊரில் அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் திருவள்ளூர் அருகே தன் ஆலையில் இதைக் கோத்து விற்றது. விலை 20 லட்சத்துக்கு மேல். என் சம்பளம் 4,500. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் 37 வருடம் ஆகும் என்று ஒரு சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினேழே வருடத்தில் வாங்கிவிட்டேன். காரணம் என் சம்பாத்தியம் ஏறியது பாதி, வண்டியின் விலை இறங்கியது பாதி.

2021 டிசம்பரில் ஒரு தரகர் சொன்னார்: பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் 2007 மாடல் பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். நிற்கிறது, 1,46,000 கிலோமீட்டர் ஓடியது, கேட்பது நாலே கால் லட்சம். உக்கடத்தில் முப்பது வருடமாக டீசல் வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். எல்லோருக்கும் அவர் பாய்தான். ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஐந்தரைக்கே போய் நிற்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. "சூடாக இருக்கும் எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும் தம்பி. மாப்பிள்ளையைத் தூங்கி எழுந்த முகத்தோடு பார்க்க வேண்டும்" என்றார். போனதும் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீரில் குமிழி வருகிறதா என்று ஐந்து நிமிடம் கண் இமைக்காமல் பார்த்தார். ஆயில் மூடியின் உட்பக்கத்தை விரலால் தடவி, மோர் போல நுரை இருக்கிறதா என்று பார்த்தார். இந்த 2.8 லிட்டர் டீசல் எஞ்சினை ஒருமுறை கொதிக்கவிட்டால் அதன் மேல்மூடியான அலுமினிய ஹெட் விரிசல் விட்டுவிடும், அதற்கான செலவு வண்டியின் விலையில் கால் பங்கு என்று வழியெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்.

நான் என் பங்குக்கு இரும்பைப் பார்த்தேன். இந்தத் தலைமுறைப் பஜேரோ, ஏணி போன்ற சேஸிஸின் மேல் உடலை உட்காரவைத்த வண்டி. அடுத்த தலைமுறையில் அந்தக் கட்டுமானத்தை மாற்றிவிட்டார்கள். சேஸிஸ் போனால் எல்லாம் போயிற்று. கால் கிலோ சுத்தியலோடு அடியில் படுத்து, ஓர் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். துருப் பிடித்த இடம் மண்பானை போலப் பொத்தென்று சொல்லும். முன்னிருந்து பின் வரை ஒரே கணீர். கடற்காற்றுப் படாத வண்டி. பின் கதவைத் தூக்கி அசைத்தபோது மட்டும் கீல் ஆடியது. அந்தக் கதவின் முதுகில்தான் ஸ்டெப்னி தொங்குகிறது, அத்தனை வருடம் அந்தப் பாரத்தைச் சுமந்தால் எந்தக் கீலும் தேயும். அதை என் லேத் பார்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் விட்டுவிட்டேன்.

தோப்பு வாய்க்காலில் இறக்கி நான்கு சக்கரத்தையும் சோதித்தோம். இங்கேதான் இந்த வண்டியின் பெருமையைச் சொல்ல வேண்டும். சாதாரணமான நான்கு சக்கர ஜீப்பை அந்த நிலையில் காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும். இடையில் விட்டுக்கொடுக்க ஆள் இல்லாததால் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். பஜேரோவில் 1991-லிருந்து வரும் சூப்பர் செலக்ட் அமைப்பில் நடுவிலும் அப்படி விட்டுக்கொடுக்கும் கியர்த் தொகுதி, ஒரு டிஃபரன்ஷியல், உண்டு. தார் என்றாலும் சேறு என்றாலும் நான்கு சக்கரத்திலும் ஓட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே, 100 கிலோமீட்டர் வேகம் வரை, சிறிய லீவரைத் தள்ளினால் மாறிக்கொள்ளும். மாறியதற்கு அடையாளமாக மீட்டரில் இருக்கும் வண்டிப் படத்தில் முன் சக்கர விளக்குகள் மின்னி, பிறகு நிலையாக எரிய வேண்டும்.

எங்களுக்கு அவை மின்னின. மின்னிக்கொண்டே இருந்தன. "அது அப்படித்தான் மின்னும்" என்றார் தோப்புக்காரர். பாய் ஒன்றும் பேசாமல் உதட்டைப் பிதுக்கினார். அந்த ஒரு பிதுக்கலுக்கு 20,000 ரூபாய் இறங்கியது. கடைசியில் 3,90,000-க்கு முடிந்தது.

திரும்பி வரும் வழியில் பாய் சிரிக்கத் தொடங்கினார். லீவரைத் தள்ளினால், முன் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஒரு கிளட்ச்சை இழுத்துச் சேர்ப்பது வாக்குவம், அதாவது காற்று உறிஞ்சல். எஞ்சினில் இருந்து விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர்க் குழாய்கள் வழியாக அந்த வாக்குவம் முன்னால் போகிறது. குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், உறிஞ்சல் அடிவரை போய்ச் சேராது, கிளட்ச் நகராது, விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். மறுநாள் பட்டறையில் பானட்டைத் திறந்து ஒரு குழாயை இரண்டு விரலால் மடித்துக் காட்டினார். வறட்சியில் வெடித்த குளத்து மண் போலக் கோடுகள் வாய் பிளந்தன. இரண்டு மீட்டர் புதுக் குழாய் 140 ரூபாய். விளக்கு நிலையாக எரிந்தது. 20,000 ரூபாய் லாபம் என்று வீட்டில் கேசரி செய்யச் சொன்னேன்.

கேசரி சாப்பிட்ட வாயோடு பாய் சொன்னதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். "சின்னக் குழாய் இந்தக் கதியில் இருந்தால் பெரிய குழாயெல்லாம் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் மாற்றிவிடு தம்பி." ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். வெளியே பளபளப்பாக இருந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். விட்டம் சரி, தடிமன் சரி. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன்.

அதற்கு நடுவில் ஆர்.டி.ஓ. அலுவலகப் படலம். ஆர்.சி. புத்தகத்தின் 15 வருடம் 2022 மே மாதத்தில் முடிகிறது. புதுப்பிக்க 600 ரூபாய்தான் என்று விற்கும்போது தரகர் சொன்னது அன்றைக்குப் பொய்யில்லை. ஏப்ரல் 1 முதல் அதை 5,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஆனால் வெளிநாட்டில் இருந்து இறக்குமதியான கார் என்றால் 40,000 என்று அறிவிப்புப் பலகையில் படித்ததும், திருவள்ளூருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஐந்து வருடத்துக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடைத்தது.

2022 ஆயுத பூஜைக்குப் பட்டறையில் மூன்று லேத்துகளோடு பஜேரோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் காலை மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. எட்டு வளைவு வரை ராஜநடை. ஒன்பதாவதைத் தொட்டபோது முதலில் வந்தது வாசனை. வெல்லப்பாகு அடிப்பிடித்தது போன்ற இனிப்பான கருகல். பின் சீட்டில் மகள், "அப்பா, யாரோ பலகாரம் செய்கிறார்கள்" என்றாள். அடுத்த நொடி பானட் விளிம்பில் வெள்ளை ஆவி. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் முக்காலைத் தாண்டியிருந்தது. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் மூச்சுவிட்டேன்.

அந்த வளைவில்தான் எல்லோரும் இறங்கி நின்று ஆழியாறு அணையைப் படம் எடுப்பார்கள். அன்றைக்கு அணை நிரம்பிக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். என் கையில் அரை பாட்டில் தண்ணீர். பாறைமேல் ஒரு வரையாடு அசைபோட்டபடி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தது. மனைவி அணையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மணி நேரம் எதையும் தொடவில்லை. கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் அங்கேயே முடிந்தது. ஆறிய பிறகு பார்த்தால், மேல் ஹோஸ் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. வெளித்தோல் புதுசு போலவே இருக்கிறது. உள்பக்கம் ஊறி உப்பிப் பொதபொதவென்று இருக்கிறது. வெர்னியரில் நான் அளந்ததெல்லாம் வெளித்தோலைத்தான். கத்தியால் கிழிந்த முனையை வளையமாக அறுத்து எடுத்துவிட்டு, மீதியை இழுத்துப் பிடித்து மாட்டிக் கிளாம்ப்பை இறுக்கினேன். இறங்கி வந்த அரசு பஸ்ஸை மனைவிதான் கை காட்டி நிறுத்தினாள். டிரைவர் ஐந்து லிட்டர் கேன் கொடுத்தார், பின்னால் வந்த தேயிலை லாரிக்காரர் இன்னொன்று கொடுத்தார். ஏழு லிட்டர் உள்ளே போயிற்று. இரண்டாம் கியரிலேயே மெல்ல இறங்கி வீடு வந்து சேர்ந்தோம். மகள் மட்டும் வரையாட்டைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தாள்.

பாய் திட்டவில்லை. திட்டாமல் இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் குமிழிச் சோதனை, கம்ப்ரஷன் சோதனை எல்லாம் முடித்து, "ஹெட் பிழைத்தது. அணைத்தாயே, அதுதான் நீ செய்த ஒரே புத்தியான காரியம்" என்றார். பிறகு கையில் நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். ரேடியேட்டர் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், பவர் ஸ்டியரிங் ஹோஸ், பிரேக் ஹோஸ், பெல்ட்டுகள், எஞ்சின் மவுண்டிங், சஸ்பென்ஷன் புஷ், கதவு ரப்பர் என்று இரண்டு பக்கம் போயிற்று. எல்லாம் வண்டியோடு பிறந்தவை. 61,000 ரூபாய் ஆனது. அதற்கு நான் கேசரி கேட்கவில்லை.

முப்பது வருடமாக இரும்பைக் கடைந்து பிழைப்பவன் நான். தேய்மானம் என்றால் எனக்கு இரும்பின் தேய்மானம்தான். பின் கதவுக் கீலைக் கழற்றியபோது முள்ளில் 0.4 மில்லிமீட்டர் தேய்வு. அளந்தேன், புது முள்ளைக் கடைந்தேன், மோட்டார் பம்ப்புக்குப் போடும் அதே கன்மெட்டலில் புஷ் போட்டேன், அரை நாளில் வேலை முடிந்தது. இப்போது அந்தக் கதவைச் சுண்டு விரலால் தள்ளினால் டப்பென்று ஒரு சத்தத்தோடு போய் உட்காருகிறது. சில நாள் காரணமே இல்லாமல் திறந்து மூடிப் பார்ப்பேன். ரப்பரிடம் இந்த நேர்மை கிடையாது. அது தேய்வதில்லை, உள்ளுக்குள் சாகிறது. ஓடினாலும் சாகும், நின்றாலும் சாகும். நிற்கும் வண்டியில் கொஞ்சம் சீக்கிரமாகவே.

உதிரி பாகத்துக்கு வருடம் இருமுறை சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறேன். கூவம் கரையோரம், சந்து சந்தாக, பிரித்துப்போட்ட வண்டிகளின் கதவும் கண்ணாடியும் மலைபோல் குவிந்து கிடக்கும். பஜேரோ என்று சொன்னால் முதல் கடையில் இல்லை என்பார்கள், மூன்றாவது கடைப் பையன் எங்கோ ஓடிப்போய் எடுத்து வருவான். பின் விளக்கு, உள் கைப்பிடி, பக்கக் கண்ணாடி எல்லாம் அங்கே கிடைத்தவை. ஏசி ஊதுகுழலுக்கான விசிறியும் அங்கேதான். பழைய விசிறியைக் கழற்றியபோது இரண்டு கைப்பிடி தேங்காய் நார்த்தூள் கொட்டியது. தோப்புக்காரர் முன்னால் சொல்லாத சங்கதிகளை வண்டி இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லும். புதுப்பேட்டையில் பாய் விதித்த தடை ஒன்றே ஒன்று: ரப்பரும் பிரேக்கும் பழையதில் வாங்காதே.

மற்றபடி பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு காலை, எஞ்சின் சூடாகும் முன், ஆயில் குச்சியும் கூலண்ட் மட்டமும் பார்க்கிறேன். கூலண்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசி என்றாலும் ரேடியேட்டருக்குக் கிடையாது. பிறகு ஒவ்வொரு ஹோஸையும் பிசைந்து பார்க்கிறேன், மார்க்கெட்டில் முருங்கைக்காய் முறுக்கிப் பார்ப்பது போல. மாதம் ஒருமுறை இரண்டு மூன்று கிலோமீட்டர் நான்கு சக்கரத்திலும் ஓட்டுகிறேன், முன் டிஃபரன்ஷியலில் எண்ணெய் புரண்டு சீல்கள் காயாமல் இருக்க. எலிக்குப் புகையிலை வைக்கிறேன். எங்கள் தெரு எலி அதையும் தின்னும் என்று சந்தேகம் இருக்கிறது. செலவு நோட்டு ஒன்று உண்டு. மகள் கல்லூரிக்கு வைத்திருக்கும் நோட்டைவிட இது தடிமன் என்று மனைவி விருந்தாளிகளிடம் சொல்கிறாள். அடுத்த எஃப்.சி. 2027-ல். இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் கட்டணத்தை 10,000 ஆக்கியிருக்கிறார்கள். அதையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

போன மாதம் சூலூரில் ஒரு பம்ப் ஷாஃப்ட்டை இரவே பொருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனை உடன் அழைத்தேன். பேன்ட் முழுக்கக் கட்டிங் ஆயிலோடு, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அவன் ஏறாமல் நின்றான். பரவாயில்லை, ஏறு என்று சொன்னதாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் சீட் உறை புதியது, 9,000 ரூபாய். பின்னால் கிடந்த அன்றைய தினசரியை எடுத்து விரித்தேன்.

தாளின் மேல் அசையாமல் உட்கார்ந்து வந்தான். சாய்வு காட்டும் மானி அவன் முகத்துக்கு எதிரேதான் இருந்தது. அதைப் பற்றி ஏதாவது கேட்பான் என்று சிங்காநல்லூர் தாண்டும் வரை காத்திருந்தேன்.

"அண்ணா," என்றான் கடைசியில், "இது லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது?"